சிலுவைத் துணியில் இல்லாத பெயர்

தக்குவாரா,
பிப்ரவரி 11, 1968

அன்புள்ள நிக்காசியாவுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. புவனோஸ் அயர்ஸில் அந்த எஜமானியம்மாவின் வீட்டைத் துடைத்துத் துடைத்து உன் முழங்கால் வீங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு விஷயம். உட்கார்ந்துகொண்டு படி. நான் மறுபடி முழுகாமல் இருக்கிறேன். ஆறாம் மாதம். கண் பட்டுவிடுமோ என்று ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தேன். போன வாரம் பருத்திக் காட்டில் குனிய முடியாமல் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான், ஊருக்கே தெரிந்துவிட்டது. மருத்துவச்சி மாக்சிமா வந்து தொட்டுப் பார்த்தாள். "வயிறு கூர்ந்து நிக்குது பாரு, பையன்தான். மே மாசம் நடுவுல எதிர்பாரு" என்றாள். அப்பனாகப் போகிற கிறிஸ்பின் அன்றைக்கு முழுக்க மாட்டிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறது, நிக்காசியா. இதுவும் போய்விட்டால் நான் இருக்க மாட்டேன்.

அதற்குள் பெயர்ச் சண்டை தொடங்கிவிட்டது. மாமனாரை உனக்குத் தெரியுமே. மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே, "அன்னைக்கு மண்ணுக்குள்ள போனது என் பேரு. நான் உசுரோட சுத்தறேன், அங்க 'இசித்ரோ'ன்னு எழுதி ஒரு சிலுவை நிக்குது. இந்தப் பய வந்து அந்தப் பேரைத் தூக்கிவிடணும்" என்கிறார். போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நம் பக்கத்தில் புதிதில்லைதான். கிறிஸ்பினே இறந்துபோன அண்ணன் பெயரோடுதான் திரிகிறான். ஆனால் எனக்கு அது வேண்டாம். நான் "இசித்ரோ" என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பான்? மடியில் இருப்பவனா, மேலே இருப்பவனா? மேலே இருப்பவன் விளையாட ஆளில்லை என்று தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

அதனால் ஒன்று யோசித்திருக்கிறேன். இசிதோரோ என்று வைத்துவிட்டால் என்ன? மாமனார் காதுக்குத் தன் பெயர் மாதிரியே இருக்கும். சாவுக்கு மட்டும் அது வேறு பெயராக இருக்கும்.

அன்றைக்கு அவசரமாக ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி என் பிள்ளைக்குப் பெயர் சொன்னவள் நீ. அவன் போய்விட்டாலும் நீ அவனுக்கு ஞானத்தாய்தான், எனக்குக் கொமாத்ரேதான், அந்த உறவு போகாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவன் பெயர் விஷயத்தில் உன் பேச்சுக்கு மாமனாரும் கட்டுப்படுவார். அவருக்கு நாலு வரி எழுது. பழைய பெயர் பிள்ளையோடு இருக்கட்டும், புதியவனுக்கு இசிதோரோ என்று நீ சொன்னதாக இருக்கட்டும்.

கல்லறைத் திருநாளுக்கு அவன் சிலுவையில் கட்ட நவம்பரில் நீ அனுப்பிய சிலுவைத் துணி பற்றி எழுத மறந்தே போனேன். பூ வேலை அவ்வளவு அழகு. ஆனால் இதோடு ஆறு துணி ஆயிற்று, ஒன்றிலாவது அவன் பெயரைத் தைத்தாயா? பக்கத்துச் சிலுவைகளிலெல்லாம் பெயரோடு தொங்குகிறது. இவன் மட்டும் பெயரில்லாத பிள்ளை மாதிரி நிற்கிறான்.

உன் கொமாத்ரே,
எர்மீனியா


புவனோஸ் அயர்ஸ்,
மார்ச் 3, 1968

என் எர்மீனியா,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து குதித்தேன். என்ன ஆயிற்று என்று எஜமானியம்மா ஓடி வந்தார்கள். "எங்க ஊர்ல எனக்கு ஒரு புள்ள வரப்போகுது" என்றேன். "உனக்கு எப்படியடி ஊர்ல புள்ள வரும்?" என்று கேட்டு முழித்தார்கள்.

கனமாக எதையும் தூக்காதே. பருத்தி எங்கேயும் ஓடிப்போகாது. கிறிஸ்பின் தூக்கட்டும், அவன் தோள் என்ன அலங்காரத்துக்கா இருக்கிறது? காலில் நீர் கோத்தால் உப்பைக் குறை. பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறேன். மே மாதம் அங்கே குளிர் தொடங்கிவிடுமே. மஞ்சள் நூல்தான் கிடைத்தது, கோழிக்குஞ்சு மாதிரி இருப்பான், பரவாயில்லை. இவனுக்கும் நான்தான் ஞானத்தாய், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பெயருக்கு என்ன இப்போது அவசரம்? பிள்ளை முதலில் நல்லபடியாக வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உன் மாமனாருக்கு எழுத எனக்குப் பயம், அவர் கடிதத்தைச் சந்தையில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவார்.

சிலுவைத் துணியைக் கேட்டிருந்தாய். எனக்கு எழுத்து தைக்க வராது, எர்மீனியா. பூதான் வரும்.

வேலை கூப்பிடுகிறது.

உன் நிக்காசியா


தக்குவாரா,
மார்ச் 20, 1968

அடி நிக்காசியா,

எழுத்து தைக்க வராதா? கோயில் கொடியில் ஒரு ஜெபம் முழுவதையும் தங்க நூலில் தைத்தது யார், உன் எஜமானியம்மாவின் பூனையா? இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. காலுறை மஞ்சளாக இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் என்ன? எனக்குப் பெயர் வேண்டும்.

நீ சிரித்துக்கொண்டு எழுதுகிறாய். நான் இங்கே என்ன பாடு படுகிறேன் தெரியுமா? பிள்ளை ஒரு மணி நேரம் உதைக்காவிட்டால் ஆரஞ்சுச் சாற்றைக் குடித்துவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டு காத்திருக்கிறேன். உதைத்ததும் எழுந்து வேலையைப் பார்க்கிறேன். கிறிஸ்பின், "அவன் தூங்கறான்டி, விடு" என்கிறான். போன தடவையும் தூங்குகிறான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை. மருத்துவச்சி சொன்ன கணக்கும் உழவர் புனிதர் சான் இசித்ரோவின் திருவிழாவும் ஒட்டி ஒட்டி வருகின்றன. மே பதினைந்து. மாமனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊர்வலத்தில் அவருடைய ஜோடி மாடுதானே எப்போதும் முன்னே போகும்? "புனிதரே ஆளனுப்பிச் சொல்லிட்டார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்கிறார். நான் இசிதோரோ என்று வாயெடுத்தேன். "அது யாரு? அப்படி ஒருத்தன் நம்ம குடும்பத்துல எங்க இருக்கான்? அரைப் பேரை வச்சு என்னை ஏமாத்தப் பாக்கறியா?" என்று மாத்தே பானம் குடித்துக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பாதி குடித்த குவளையைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு, "நிக்காசியாவைக் கேளு. அவ தண்ணி ஊத்தின பேரு, அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்றார். அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார். நீ "சரி" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஏன் உன் கை வரமாட்டேன் என்கிறது?

உன் கொமாத்ரே,
எர்மீனியா


புவனோஸ் அயர்ஸ்,
ஏப்ரல் 8, 1968

அன்புள்ள எர்மீனியா,

நான்காம் தேதி இங்கே கோயிலுக்குப் போய், போன பிள்ளைக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆறு வயது ஆகியிருக்கும். பள்ளிக்கூடம் போயிருப்பான்.

பெயரைப் பற்றி யோசித்தேன். இரண்டும் வேண்டாம். இசித்ரோவும் வேண்டாம், இசிதோரோவும் வேண்டாம். வெனான்சியோ என்று வை. இல்லையென்றால் ஃபெர்மின். காசியானோவும் நல்ல பெயர், கூப்பிட நிறைவாக இருக்கும். உன் அப்பா பெயரை வைத்தால் யார் என்ன சொல்ல முடியும்? குறிப்பாக இசிதோரோ வேண்டாம். காரணம் கேட்காதே. என்மேல் உனக்கு அன்பு இருந்தால் இதை மட்டும் கேள்.

காலுறை முடிந்துவிட்டது. தொப்பியும் தொடங்கியிருக்கிறேன்.

நிக்காசியா


தக்குவாரா,
ஏப்ரல் 22, 1968

நிக்காசியா,

காரணம் கேட்காதே என்று எழுத உனக்கு எப்படி மனது வந்தது? மாமனார் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். நான் படித்துக் காட்டவில்லை. நிக்காசியா சரி என்று எழுதிவிட்டாள் என்று பொய் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். முகம் வாடித்தான் இருந்தது.

ஆக, முடிந்தது. கிறிஸ்பினும் சரி சொல்லிவிட்டான். இசிதோரோதான். இப்போதெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன், உள்ளே அசைகிறான். வேறு பெயர்களை உன் எஜமானியம்மாவின் பூனைக்கு வைத்துக்கொள்.

ஆறு வருஷமாக நீ ஊருக்கு ஒரு எட்டு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது நான் கேட்ட ஒன்றே ஒன்றையும் நீ செய்யவில்லை. பெரிய நகரம் ஆளை மாற்றிவிடும் என்று சொல்வார்கள், நான் நம்பாமல் இருந்தேன்.

எர்மீனியா


புவனோஸ் அயர்ஸ்,
மே 1, 1968

எர்மீனியா, என் உயிரே,

தபாலை நம்ப முடியாது. இந்த மாதம் ஊருக்கு வரும் நம் ஊர்க்காரன் பிளாஸிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பிள்ளை பிறப்பதற்குள் இது உன்னிடம் வந்து சேர வேண்டும் என்று முழங்காலில் நிற்கிறேன். தனியாகப் போய்ப் படி.

மூத்தவன் பிறந்த அன்றைக்கு நீ நினைவில்லாமல் கிடந்தாய். பிள்ளை பிறந்து கொஞ்ச நேரத்திலேயே உதடு நீலமாகிவிட்டது. மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது. பாதிரியார் வர மூன்று நாள் ஆகும். மாக்சிமா உன் இரத்தத்தை நிறுத்துவதில் இருந்தாள். "நீ தண்ணி ஊத்து, சீக்கிரம்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் குவளையில் தண்ணீர் மொண்டேன்.

பெயர் எனக்குத் தெரியும். இசித்ரோ. எல்லோரும் முன்பே பேசி வைத்ததுதான். ஆனால் மருந்துக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி எதிரிலேயே தொங்கியது. ஏப்ரல் நான்கு. அதற்குக் கீழே அன்றைய புனிதரின் பெயர். இசிதோரோ. என் அம்மா எத்தனை பிள்ளைகளுக்கு அப்படித் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. "போகப்போற புள்ளைக்கு அன்னைக்கு யாரு நாளோ அந்தப் புனிதர் பேரை வையி. அன்னைக்கு அவர்தான் வேலையில இருப்பார், அவர்தான் வாசல்ல வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார். வேற பேரு வச்சா புள்ள அங்க தனியா நின்னு முழிக்கும்" என்பாள். எனக்கு அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அவன் தனியாக நிற்கக் கூடாது என்று தோன்றியது. தலையில் தண்ணீர் ஊற்றி, "இசிதோரோ" என்று சொன்னேன். அந்தப் பெயரோடுதான் அவன் போனான்.

நான் வெளியே வந்தபோது உன் மாமனார் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "புள்ளைக்குத் தண்ணி ஊத்தியாச்சா? என்ன பேரு சொன்னே?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "உங்க பேருதான்" என்றேன். அவர் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வேன்? மறுநாள் காலையில் சிலுவையில் பெயர் எழுதிவிட்டார்கள். நீ கண் விழித்து, "என் இசித்ரோ எங்க?" என்று என்னைத்தான் கேட்டாய்.

நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இருந்தேன். சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். அதனால்தான் இங்கே ஓடி வந்தேன். சம்பளத்துக்காக என்று உன்னிடம் சொன்னது பொய். ஊருக்கு வராததற்கு நான் சொன்ன சாக்கெல்லாம் பொய். துணியில் பெயர் தைக்காததும் அதனால்தான். பொய்ப் பெயரைத் தைக்க என் கை வரவில்லை. உண்மைப் பெயரைத் தைத்து அனுப்ப எனக்கு நெஞ்சுரம் இல்லை. தைக்காமல் இல்லை, எர்மீனியா. ஒன்று தைத்தேன், முதல் வருஷமே. வெள்ளைத் துணியில் நீல நூலில், முழுப் பெயரும். என் பெட்டியின் அடியில் இருக்கிறது.

இப்போது புரிகிறதா ஏன் தடுத்தேன் என்று? சாவுக்குத் தெரியாத பெயர் என்று நீ தேடிப் பிடித்தாயே, அதுதான் அவனுடைய பெயர். உன் விருப்பத்துக்கு வை, வைக்காமல் போ. ஆனால் தெரியாமல் வைக்காதே. நீ பயந்து பயந்து தேர்ந்தெடுத்ததை நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால், அது இரண்டாவது பொய். அதைச் சுமக்க என்னால் ஆகாது.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நிக்காசியா


புவனோஸ் அயர்ஸ்,
ஜூன் 2, 1968

எர்மீனியா,

பிளாஸ் திரும்பி வந்தான். கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறான். மறுநாளே கிளம்பிவிட்டானாம், வேறு ஒன்றும் தெரியாதாம். அவனை உலுக்கி எடுத்துவிட்டேன்.

என்னைத் திட்டு. பேசாமலே இரு. ஆனால் பிள்ளை இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் ஒரு வரி யாரையாவது எழுதச் சொல். காலுறையை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அனுப்பவும் பயமாக இருக்கிறது.

நி.


தக்குவாரா,
ஜூன் 16, 1968

நிக்காசியாவுக்கு,

பிள்ளை இருக்கிறான். முதலில் அதைப் படித்துவிடு, மற்றதைப் பிறகு படி.

உன் கடிதம் மே பதிமூன்றாம் தேதி வந்தது. ரொட்டி அடுப்புக்குப் பின்னால் நின்று படித்தேன். உள்ளே சிப்பா ரொட்டி வெந்துகொண்டிருந்தது, எல்லாம் கருகிப்போயிற்று. கடிதத்தையும் அந்த நெருப்பிலேயே போடப் போனேன். உன் தலைமுடி கையில் கிடைத்திருந்தால் அதையும் போட்டிருப்பேன்.

ஆறு வருஷம், நிக்காசியா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மெழுகுவர்த்தி ஏற்றி, "இசித்ரோ, என் கண்ணே" என்று கூப்பிட்டேன். நான் யாரைக் கூப்பிட்டேன்? மாமனாரையா? என் பிள்ளை அங்கே உட்கார்ந்து, அம்மா வேறு யாரையோ தேடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தானா? ஒரு தடவைகூட அவனுக்குக் கேட்டிருக்காதே. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அதை மறைக்க மாட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதினைந்தாம் தேதி காலையில் வலி எடுத்தது. ஊர்வலம் கோயிலிலிருந்து கிளம்பும் நேரம், வேட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு வந்தான். நீ எழுதியிருந்த அதே நீலம். மாக்சிமா கொடியை அறுத்துவிட்டுக் காலைப் பிடித்துத் தட்டினாள், அழவில்லை. "தண்ணி கொண்டாங்க! பேரு, பேரு சொல்லுங்க!" என்று கத்தினாள்.

கிறிஸ்பின் குவளையோடு நின்றான். நாங்கள் முடிவு செய்திருந்த பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். நான் படுத்த இடத்திலிருந்து, "இசித்ரோ!" என்று அலறினேன்.

"அது செத்த புள்ள பேருடி!" என்றாள் மாக்சிமா.

"இல்ல. அந்தப் பேருல யாரும் சாகல. ஊத்து!"

கிறிஸ்பின் கையிலிருந்த குவளையைப் பிடுங்கி அவளே ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீர். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அவன் போட்ட சத்தத்தில் வெளியே மாடு மிரண்டது. இசித்ரோ. அன்றைக்கு நாள்காட்டியிலும் அதே பெயர்தான், பார்த்துக்கொள். உன் அம்மா கணக்குப்படியும் சரிதான்.

அதற்கு அப்புறம் எனக்குப் பதினைந்து நாள் காய்ச்சல். அதனால்தான் எழுதவில்லை. எழுதாமலிருக்கக் காய்ச்சல் ஒரு நல்ல சாக்காகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுந்து உட்கார்ந்ததும் மாமனாருக்கு உன் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். நான் சொன்ன பொய்யையும் ஒத்துக்கொண்டேன். அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். தொப்பி விஷயம் வந்தபோது தரையைப் பார்த்தார். கடைசியில், "அப்போ ஆறு வருஷமா அங்க என் பேருல யாருமே படுத்திருக்கலையா?" என்றார். பிறகு, "நம்ம புள்ளைய நாமளே பேரு தெரியாம வச்சிருந்தோமே" என்றார். உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சாயமும் தூரிகையும் எங்கே என்று கேட்டார்.

திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். மாமனார் தன் பெயரைத் தன் கையாலேயே சுரண்டி எடுத்தார். கிறிஸ்பின் கத்தியை வாங்கிக்கொள்ளப் போனான், தரவில்லை. "இசிதோரோ" என்று எழுதி முடித்ததும் நான் அவனை வாய்விட்டுக் கூப்பிட்டேன். அன்றைக்கு இழவு வீட்டில் என்னை அழவிடவில்லை, உனக்கு நினைவிருக்கும். தாயின் கண்ணீர் பட்டால் குட்டித் தேவதையின் இறகு நனைந்துவிடும், பறக்க முடியாது என்று நீயும் சேர்ந்துதான் என் வாயைப் பொத்தினாய். இப்போது ஆறு வருஷம் ஆயிற்று, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான், இனி நனைந்தால் என்ன என்று அழுதேன். நான் அழ, மடியில் இருந்தவனும் அழ, மாமனார் இரண்டு பேரையும் விட்டுவிட்டு சாயம் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காலுறையை அனுப்பு. குளிர் தொடங்கிவிட்டது.

இவனுக்கு மாக்சிமாதான் ஞானத்தாய். நீ இல்லை. கேட்காதே. உனக்கு ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான்.

பெயர் தைத்த துணி பெட்டியின் அடியில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைத் தபாலில் அனுப்பாதே. பிளாஸிடமும் கொடுக்காதே. வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். நவம்பர் இரண்டாம் தேதி நீயே கொண்டுவந்து கட்டு. அவன் பிறந்ததிலிருந்து நீ அவனை ஒரே ஒரு தடவைதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாய்.

உன் கொமாத்ரே,
எர்மீனியா